பானை தெரியாத ஒரு சோறு

ஸைபர்ஸ்டோர்ஃப். செவ்வாய்க்கிழமை.
வெளியே சர்க்கரைக் கிழங்கு வயலில்
ஒரு டிராக்டர் காலையிலிருந்து முனகுகிறது.
நான் இரண்டாவது கையுறையை மாட்டுகிறேன்.

உறைக்குள் உறை. அதற்குள் ஒரு துணி.
பருத்தி, உள்ளங்கை அகலம்.
யாரோ ஓர் ஆய்வாளர்
ஏதோ ஒரு நாட்டில்
கதவுக் கைப்பிடியை, குழாய் முனையை, சன்னல் விளிம்பைத்
துடைத்து அனுப்பியது.
நாட்டின் பெயர் எனக்குச் சொல்லப்படாது.
ஏழு, நான்கு, ஒன்று, ஏழு. அவ்வளவுதான்.
துடைத்தபோது பக்கத்தில் நின்றவர்
தேநீர் கொடுத்தாரா, முறைத்தாரா,
அங்கே மழையா, தேர்தலா,
தெரியாது.

துடைத்தால் போய்விடும் என்று நம்பாதவர் உண்டா?
தரையைக் கழுவி, சுவருக்குப் புது வண்ணம் பூசி,
சிரித்த முகத்தோடு வாசலில் நிற்பார்கள்.
ஒரு திருகாணியின் மரைக்குள்
துகள் உட்கார்ந்தேயிருக்கும்.
தலைமுடி ஒன்றின் குறுக்கே
நூறு துகள் வரிசை கட்டலாம், அத்தனை சிறிசு.

யுரேனியம் பிறக்கும்போது
பொல்லாதது இல்லை.
மலையிலிருந்து எடுத்தால் ஆயிரத்துக்கு ஏழே பேர்தான்
முன்கோபிகள். எடை இருநூற்று முப்பத்தைந்து.
மற்றவர்கள் மூன்று நியூட்ரான் கூடுதல் கனம்.
யாராவது மெதுவாகக் கதவைத் தட்டினால்
உள்ளே இழுத்துப் பூட்டிக்கொள்வார்கள்.
ஏழு பேர் அப்படியில்லை.
தொட்டதும் இரண்டாகப் பிளந்து
பக்கத்து வீட்டு இரண்டு மூன்று கதவுகளைத்
தட்டிவிட்டுத்தான் போவார்கள்.

அவர்களைப் புடைத்தெடுப்பதுதான் வேலை.
முறம் இல்லை.
நொடிக்கு ஆயிரம் முறை சுழலும் குழல்கள்.
கனத்தது ஓரம் ஒதுங்கும், லேசானது நடுவில் தங்கும்,
பிறகு அடுத்த குழல், அதற்கடுத்த குழல்.
ஆயிரத்துக்கு நாற்பது சேர்ந்தால் ஊருக்கு விளக்கு.
இருநூறு என்றால் எங்கள் புருவம் உயரும்.
தொள்ளாயிரம் என்றால்
பெயர்ப்பலகை மட்டும்கூட மிஞ்சாத ஊர்.
இடையில் சுவர் எதுவும் இல்லை.
அதே குழல், அதே மின்கட்டணம்.
நாற்பதைத் தொடும்போதே
பாதிக்கு மேல் படி ஏறியாயிற்று.
இது ரகசியமில்லை, பாடப்புத்தகத்தில் இருக்கிறது.
அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

மூன்று நாற்பதுக்கு
திரையில் ஒரு புள்ளி மற்றவற்றை விட்டு
தள்ளி நின்றது.
அவர்கள் எழுதிக் கொடுத்தது நாற்பது.
இது எண்ணூற்று நாற்பத்து மூன்று.
கௌஹரைக் கூப்பிட்டேன்.
அவள் செமேய்க்காரி.
சின்ன வயதில் தட்டுகள் அலமாரியில் குலுங்கும்போது
வீட்டில் யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லையாம்,
சூப்பு சிந்தாமல் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்வார்களாம்.
"வெற்றுத் துணியை ஓட்டு" என்றாள்.
ஓட்டினேன். சுத்தம்.
"இன்னொரு துகள் எடு."
எடுத்தேன். எண்ணூற்று முப்பத்தொன்பது.
அவள் கண்ணாடியைக் கழற்றி
வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தாள்.

பழைய எந்திரத்தை எங்கிருந்தோ வாங்கியிருக்கலாம்,
அழுக்கு அதோடு வந்திருக்கலாம்.
யாரோ ஒருவர் செருப்பில் சுமந்திருக்கலாம்.
பொய்யாகவும் இருக்கலாம்.
படிவத்தில் மதிப்பு உண்டு, பிழை வரம்பு உண்டு.
பொய்யென்று எழுத ஒரு கட்டம் இல்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சரிதான். சோறு என் இடுக்கியில்.
பானை எங்கே?
அடுப்பு மூட்டியவர் யார்?
வியன்னாவில் நீளமான மேசையில்
நாளைக்கு ஆளுக்கொரு பானை வரைவார்கள்.

கையெழுத்துப் போடுமுன்
நுண்ணோக்கியில் ஒருமுறை குனிந்தேன்.
அந்தத் துகளுக்கு அருகே இன்னொன்று.
உருண்டை, மெத்தென்று, யுரேனியம் இல்லை.
மாவு.
யாரோ ரொட்டியைப் பிட்டுத் தின்றுவிட்டு
கை கழுவாமல் அந்தக் கதவைத் திறந்திருக்கிறார்.
காலை உணவா, அவசரமா,
பாதியைப் பிள்ளைக்கு வைத்தாரா?

அதை எங்கே எழுதுவது என்று கௌஹரிடம் கேட்டேன்.
"எழுதாதே" என்றாள்,
கொஞ்சநேரம் கழித்து,
"ஆனால் துணியைத் தூக்கிப் போட்டுவிடாதே."

டிராக்டர் இன்னும் ஓய்ந்தபாடில்லை.
ஐந்து பன்னிரண்டு பேருந்தை
விட்டுவிட்டேன்.